பேனரைக் கீழிருந்து படிப்பவர்

வேனிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கியதும் மைக்செட்காரர் நேராகப் போய் நிற்பது மருத்துவ முகாம் பேனருக்கு முன்னால்தான். எல்லோரும் மேலிருந்து படிப்பார்கள்; அவர் கீழிருந்து தொடங்குவார். சிரிக்கும் குழந்தை, 'நலமே நம் இலக்கு' எல்லாம் அப்புறம். அடியில் பொடிப்பொடியாக வரிசை கட்டியிருக்கும் கம்பெனிச் சின்னங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "மேல எழுதுனது நமக்கு. கீழ எழுதுனது அவங்களுக்கு," என்பார்.

இதில் கோபமோ நக்கலோ கிடையாது. கடிகாரத்தைப் பிரித்துப் பார்க்கிறவனின் ஆவல்தான். இதயநோய் விழிப்புணர்வு நடைக்கு எண்ணெய்க் கம்பெனி பனியன் கொடுத்தால் அன்று முழுக்க அவருக்கு அதே யோசனை. சர்க்கரைநோய் முகாமில் ஒரு மாத்திரைக் கம்பெனிக்காரரிடம் போய், "தப்பா நினைக்காதீங்க சார், இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டார். "ஆத்ம திருப்தி" என்றார் அவர். "அதுக்கு ரசீது உண்டுங்களா?" என்று இவர் கேட்டது, கையிலிருந்த மைக் வழியாகக் கூட்டம் முழுவதற்கும் கேட்டுவிட்டது.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி ஆள். பெட்டி சுமந்து சுமந்து வலது தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு கறுப்பு ஒயர் டேப் இருக்கும். யோசனை வந்தால் அதை விரலில் மாட்டிச் சுற்றத் தொடங்கிவிடுவார்.

போன வருடம் ஓர் அறக்கட்டளை இலவசக் கண் முகாம் நடத்தியது. பேனரின் அடியில் ஒரு கண்ணாடிக் கடையின் பெயர். விடுவாரா? தானே வரிசையில் நின்று, கண்ணைக் காட்டி, கண்ணாடிக்கு எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு வேறு இரண்டு கடைகளிலும் போய்ச் சோதித்துப் பார்த்தார். மூன்று சீட்டிலும் மூன்று நம்பர்.

"கண்ணு ஒண்ணுதான், கடைக்குக் கடை மாறுது பாத்தியா?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அதே முகாமுக்கு அவளும் போயிருந்தாள். இடது கண்ணில் அழுத்தம் அதிகம், விட்டால் பார்வை ஓரத்திலிருந்து போய்விடும் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, தங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"மங்கலாத் தெரியுதா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் என்ன? கண்ணாடிக் கடைக்காரன் கேம்ப் வெச்சா, கண்ணு நல்லாயிருக்குன்னா சொல்லுவான்? ஆள் பிடிக்கிறாங்க."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. வேலை தலைக்கு மேல் கிடந்தது. மாதங்கள் ஓடின. ஒருநாள் கத்தரிக்கோலைத் தேடி வீட்டையே புரட்டிப்போட்டாள். அது அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தவருக்கு என்னவோ பொறி தட்டியது. அவளுடைய வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, இன்னொரு கையை அவளுடைய இடப்பக்கத்தில் ஆட்டினார்.

"தெரியுதா?"

"எது?" என்றாள்.



மறுநாள் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் போய்க் காத்திருந்தார்கள். அங்கே ஒரு பேனரும் இல்லை. கண்ணைப் பார்த்த டாக்டரம்மா, "போன பார்வை போனதுதாம்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். முன்னாடியே யாரும் சொல்லலையா?" என்றார்.

மனைவி வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். "சொன்னாங்க. நான்தான் நம்பல."

ஆனாலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. முகாமில் கொடுத்த பழைய மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். அதே மருந்துதான், இங்கே இலவசமாகவே கிடைக்கும், சீட்டில் எழுதியிருக்கும் கம்பெனி டப்பாவுக்குத்தான் வெளியே விலை அதிகம் என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "அப்போ நீங்க சொன்னது சரியா, தப்பா?"

படிக்கட்டில் உட்கார்ந்து டேப்பைச் சுற்றினார். "காசுக்குத்தான் வந்தாங்க. ஆனா பொய் சொல்லல. ரெண்டும் சேர்ந்தே இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையேடி."

 அவர் எழுந்துகொள்ள அவள் கை கொடுத்தாள். இப்போது தினமும் அவள் இமையை விலக்கிச் சொட்டு விடுவது அவர்தான். "ஆடாத, மேல பாரு," என்று அதட்டுவார். கன்னத்தில் வழிந்ததைத் தானே துடைத்துவிடுவார்.

சென்ற வாரம் அதே அறக்கட்டளை, அதே கண்ணாடிக் கடை, மறுபடியும் கண் முகாம். ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுத் துளைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். கூடாரத்தில் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. சாலைக்கு அந்தப் பக்கம் மாடி மாடியாகத் தொழிலாளர் வீடுகள். ஜன்னல்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அறிவிப்பு தொடங்கியது. யாரும் சொல்லாமலே அவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தோள்கொடுத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்த ஜன்னல்களைப் பார்த்துத் திருப்பி வைத்தார். திரும்பி வந்து, சத்தத்தைக் கூட்டினார்.