காய்க்காத பேரீச்சை

போன ஞாயிறு ரந்தாவில் என் தோழி சரோஜா வீட்டில் பேரீச்சை சாப்பிட்டேன். மஞ்சள் நிறம்... கடித்தால் நறுக்கென்ற சத்தம். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

சரோஜாவுக்கும் அவள் கணவர் மணிக்கும் பிள்ளை இல்லை. வாசலில் ஒரு பேரீச்சை மரம் மட்டும் உண்டு. தின்று போட்ட கொட்டை முளைத்து வந்தது. நன்றாகப் பூக்கும். ஒரு காய்கூடப் பிடிக்காது.

சில மாதங்களுக்கு முன் மணியின் அக்கா வந்தார். மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இத வெட்டிப் போடுங்கலா. காய்க்காதது எதுக்கு வாசல்ல நிக்கணும்?"

மரத்தைத்தான் சொன்னார். ஆனால் சரோஜா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்தாள்.

"வெட்டச் சொல்லிட்டேன். சனிக்கிழமை ஆளு வருது. அதப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்குலா."

எனக்கு மனசு கேட்கவில்லை. என் அண்ணன் மகள் கவிதா தாவர மரபணு படித்தவள். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமையே ரந்தாவுக்குப் போனேன்.

கவிதா ஏணியில் ஏறிப் பூங்கொத்தைத் தட்டினாள். வெள்ளைப் பொடி பறந்தது.

"ஆன்ட்டி, இது ஆண் மரம். காய்க்காது. இதுமேல எந்தக் குத்தமும் இல்ல."

"மரத்துல என்னா ஆணு, பொண்ணு? எஸ்டேட்ல எண்ணெய் எடுக்குற செம்பனை எல்லாமே காய்க்குதே?" என்றாள் சரோஜா.

"செம்பனை ஒரே மரத்துல ஆண் பூவும் பெண் பூவும் மாறி மாறி விடும். பேரீச்சை வேற. ஆதியில ஒரே பூவுல ரெண்டு பாகமும் இருந்திருக்கும்னு சொல்றாங்க. அப்புறம் சில மரத்துல மகரந்தம் செய்யுற ஜீன் போயிருச்சு — அது பொண்ணு. சிலதுல பெண் பாகத்த வளர விடாத ஜீன் வந்துச்சு — அது ஆணு. அந்த ஜீனுங்க குரோமோசோம்ல பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு, பிரியாம சேந்தே வருது. நம்ம எக்ஸ், ஒய் மாதிரிலா."

சரோஜா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இதுக்கு ஒரு சோடி வேணும்..."

சோடி இருந்தது! அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வீட்டில். அங்கே நிற்பது பெண் மரம். பூ வரும், மகரந்தம் கிடைக்காமல் பிஞ்சு உதிர்ந்துவிடும். பாயிடம் போனில் கேட்டேன். "தாராளமா வாங்கக்கா" என்றார்.

சரோஜாவே பொடியைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தாள். பாய் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவளே பெண் பூவில் உதறினாள். வெட்ட வந்த ஆளை மறுநாள் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

போன ஞாயிறு பாய் ஒரு குலையோடு வந்து இறங்கினார். மணியின் அக்காவும் வந்திருந்தார். ஒன்றைக் கடித்துவிட்டுக் கேட்டார்: "நல்லா இருக்கே! எந்த மரத்துது?"

"பாய் வீட்டு மரம் பெத்தது, அண்ணி. அப்பன் நம்ம வாசல்ல நிக்கிறான்" என்றாள் சரோஜா.

அக்கா சரோஜாவின் தட்டில் தன் கையால் இரண்டு பழம் எடுத்து வைத்தார்.

பலன் இல்லையென்றால் உடனே குற்றவாளியைத் தேடுகிறோம். குற்றமே நடக்காமல் இருந்திருக்கலாம் இல்லையா?

கவிதாவுக்கு நன்றி. பாய்க்கு நன்றி. மணியின் அக்காவுக்கும்தான்... அவர் அன்று வாயைத் திறந்திராவிட்டால் அந்த மரம் யாரென்று நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்!