தகட்டில் இருந்த எழுத்து

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுக்குப் பலகை அறுக்கிறார்கள். மரம் கருகும் வாசம் வகுப்புக்குள் வந்ததும் பாடத்தை நிறுத்திவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, ஏலத்தில் எடுத்த பழைய வட்ட ரம்ப மெஷினை அப்பா சூரமங்கலம் வீட்டில் துரு தேய்த்துப் பொருத்தினார். துருவுக்கடியில் இங்கிலீஷ் தகடு தெரிந்தது.

"என்ன சாமி எழுதியிருக்குது?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

குடும்பத்திலேயே முதலில் படித்தவள் நான். எழுத்து கூட்டினேன், பொருள் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

"கம்பெனி பேருங்கப்பா."

"ரம்பத்துக்கு மூடி வேண்டாமுங்களா?" என்றாள் அம்மா.

"வேணும்னா எழுதியிருப்பானே. பாப்பாதான் படிச்சுட்டாளே" என்று அப்பா எஞ்சின் பெல்ட்டை மாட்டினார். முதல் பலகை கருகி மணத்தது.

'மூடியில்லாமல் ஓட்டாதே' என்பதுதான் அந்த எழுத்து. அது எனக்குப் புரிவதற்குள் அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

யாராவது கேட்டால் இன்றும் சொல்கிறார்: "என் கவனக்குறைவுங்க. பாப்பா படிச்சுப் பார்த்துச் சரியாத்தான் சொன்னா."