ஒன்பதாம் வம்சம்

செகெட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் எட்டெல்காவுக்கு இருபத்தாறு வருஷமாகப் பழ ஈக்களோடுதான் பிழைப்பு. ஈக்களுக்குத் தீனியாகச் சோளமாவில் ஈஸ்ட் கலந்து காய்ச்சுவாள், ஒரு வம்சம் இன்னொன்றோடு கலக்காமல் அவற்றை எண்ணிட்ட புதுக் குழாய்களுக்கு மாற்றுவாள், முட்டைகளை எண்ணுவாள். முப்பத்தொன்றாம் வம்சத்துப் பெண் ஈ நாளைக்கு எழுபது முட்டை இடும். ஒன்பதாம் வம்சத்து ஈக்கு இருபதே அதிகம். அந்தக் குறை எந்த மரபணுவில் இருக்கிறது என்று தேடியே ஆராய்ச்சி மாணவன் பொட்டொண்டுக்கு நாலு வருஷம் போயிருந்தது. கிட்டத்தட்ட நெருங்கிவிட்டான். கடைசிச் சோதனைதான் பாக்கி.

பிப்ரவரியில் ஒரு காலை, ஒன்பதாம் எண் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடிச் சுவரெங்கும் கூட்டுப்புழுக்கள் அப்பிக் கிடந்தன. அந்த வம்சத்தில் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

அக்டோபர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்று நினைவுக்கு வந்தது. மாற்றும்போது கை தவறி, மயக்கியிருந்த ஈக்களில் இரண்டு மேஜையில் விழுந்தன. தூரிகையால் ஒற்றி ஒன்பதிலேயே போட்டாள். பக்கத்தில் முப்பத்தொன்றும் திறந்திருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நேராகப் பொட்டொண்டிடம் போனாள். அவன் கசகசா ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அக்டோபருக்கு அப்புறம் எண்ணின எதையும் நம்பாதப்பா. ஒன்பதுல வேற ஈ கலந்துடுச்சு. நான்தான் கலந்தேன்."

"காலங்காத்தால விளையாட்டாக்கா? உங்க கையாவது தப்புறதாவது!"

"லாயோஷைப் புதைச்ச மறுநாள் அது. லீவு போட்டிருக்கணும். புருஷன் இல்லாத வீட்ல உக்கார முடியல."

அவன் முகத்தில் சிரிப்பு செத்தது. "மாத்துக்குன்னு இன்னொரு குழாய் வச்சிருக்கோம்ல?"

"நவம்பர்ல அதையும் இதுலேருந்துதான் புதுப்பிச்சேன்."

"வேற எங்கயும் இந்த வம்சம் இல்லக்கா."

"தெரியும்."

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தியவன், ரொட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டு வெளியே போனான்.

ஆய்வுக்கூடத் தலைவி அவளைத் திட்டவில்லை. "யாருக்கும் நடக்கிறதுதான், எட்டெல்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஒன்பதாம் எண் குழாய்களை, ஈக்கள் விறைத்துச் சாக, எட்டெல்காவே உறைபெட்டியில் அடுக்கி மூடினாள்.

மரபணு அகப்படவில்லை. குரோமோசோமின் இந்தப் பகுதியில் இருக்கலாம் என்று மட்டும் எழுதி ஆய்வேட்டை முடித்தான் பொட்டொண்ட். ஜூனில் புடாபெஸ்டில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். எல்லா அறைகளுக்கும் போய் விடைபெற்றான். எட்டெல்கா இருந்த ஈ அறைக்கு வரவில்லை.