ஃப்ளெக்ஸில் இருந்த ஓட்டை

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மகள் என்ற முறையில் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். ‘அமைதியே உருவானவர்’ என்று ஆரம்பிக்கும்படி சித்தப்பா சொல்லியனுப்பினார். அம்மா அமைதியே உருவானவர் அல்லர். நல்ல கோபக்காரர். அந்தக் கோபம் இல்லையென்றால் என் தம்பி இன்று மனுஷனாக நின்றிருக்க மாட்டான்.

அம்மா மண்டகப்பட்டு பக்கத்தில் பிறந்து, கோலியனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்பா தவறியபோது தம்பி ஐந்தாம் வகுப்பு. இருந்த கொஞ்ச நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். களையெடுக்க ஆள் கிடைக்காவிட்டால் தனியாகவே வெயிலில் குனிந்து கிடப்பார். அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காத உறவு, தம்பிக்கு மீசை அரும்பியதும் தேடி வந்தது. அப்பாவின் தம்பியான சித்தப்பா ஊரில் இளைஞர் பேரவை ஒன்று நடத்தினார். கோஷம் போடவும் பைக்கில் பின்னால் வரவும் அவருக்குப் பையன்கள் வேண்டும். தம்பி பிளஸ் டூ படிப்பதையே மறந்து அவர் பின்னால் சுற்றினான். அம்மா கேட்டால், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சித்தப்பா சொல்வார். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டுரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் சித்தப்பா, சுற்றிலும் பள்ளிக்கூடப் பையன்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தம்பியும் இருந்தான். கீழே ‘குட்டிச் சிங்கம்’ என்று பட்டம் வேறு. கழனியிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்தார். பட்டப்பகலில், டீக்கடைக் கூட்டம் வாய்பிளந்து நிற்க, ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கட்டையில் ஏறிப் புல்லறுக்கும் அருவாளால் தம்பியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்தார். சித்தப்பா ஓடிவந்து, குடும்ப மானம் போகிறதென்று குதித்தார்.

“எம்புள்ள மூஞ்சி வேலைக்குப் போற எடத்துல ஐ.டி. கார்டுல இருக்கட்டும். ரோட்டுல தொங்க வாணாம்,” என்றார் அம்மா.

அவமானத்தில் தம்பி அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். அதே வாரம், ஃப்ளெக்ஸ் வைத்த இடத்துக்காகப் பக்கத்துத் தெருக்காரர்களோடு தகராறாகி அவர்களில் ஒருவருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்து, ஃப்ளெக்ஸில் இருந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகப் பிடித்தது. வேடிக்கை பார்த்த பையன்கள்கூட மாட்டினார்கள். தம்பி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. சித்தப்பா புதுச்சேரியில் பதுங்கிக்கொண்டு முன்ஜாமீன் வாங்கினார். அந்தப் பையன்கள் இன்னும் வாய்தா வாய்தாவாக விழுப்புரம் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?

அம்மா தம்பியைத் திண்டிவனத்தில் ஐ.டி.ஐ.யில் சேர்த்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் இறங்கிக் கம்பி நீட்டிவிடுவான் என்று தானும் பஸ் ஏறி ஐ.டி.ஐ. கேட் வரைக்கும் போவார். கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று தம்பி அழாத குறை.

“வெக்கமா இருந்தா ஒழுங்கா போ. நான் வர்றத நிறுத்திக்கிறேன்,” என்றார்.

ஒழுங்காகப் போனான். திண்டிவனத்திலேயே ஒரு கம்பெனியில் ஃபிட்டர் ஆனான். ஐ.டி. கார்டு வந்த அன்று அதைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டான். அதைக் கழற்றாமலேதான் அன்று அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்த கடைசி மாதங்களிலும், டூட்டிக்கு நேரமாகிறது, கிளம்பு என்றுதான் தம்பியை விரட்டுவார்.

போன வாரம் அதே கூட்டுரோட்டில் அம்மாவுக்கு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார் சித்தப்பா. அம்மாவின் படத்தைவிட அவர் படம் பெரிது. கீழே கூலிங் கிளாஸ் தம்பி. ஃப்ளெக்ஸ் கடையில் பத்திரமாக இருந்த அதே பழைய படம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டூட்டி முடிந்து வந்த தம்பி, வீட்டுக்குப் போய் அம்மாவின் அருவாளை எடுத்துவந்தான். இறந்தவர் படத்தைக் கிழிக்கலாமா என்று சித்தப்பா கத்தினார்.

“அவங்க படத்த தொடல சித்தப்பா. அவங்க வெட்டுனதத்தான் வெட்டறேன்,” என்றான் தம்பி.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஆட்டோக்கார அண்ணனுக்கும், கஞ்சி ஊட்டிய அத்தைக்கும், கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த தம்பியின் சூப்பர்வைசருக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவும் இன்று சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அம்மா யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. ஆனால் சித்தப்பாவின் மகனும் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் முகத்தை ஃப்ளெக்ஸில் பார்த்தால், அருவாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

— மகள்