“இல்லி மிஸ்!”

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாலக்கோட்டில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சியில் நான் தூங்கிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தூக்கத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. பி.எட்., தகுதித் தேர்வு எல்லாம் முடித்தவள் என்கிற மிதப்பு கொஞ்சம் அதிகம். சொந்த ஊர் கடத்தூர் பக்கம். அந்த வருடம்தான் மாறுதல் வாங்கி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளிக்கு வந்திருந்தேன்.

என் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பெற்றோர் கர்நாடகத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். வீட்டில் பேசுவது கன்னடம், ஐந்தாவது வரை படித்ததும் கன்னடம். தமிழே அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதன்மேல் நான் வேறு ஆங்கிலத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

தினமும் “வேர் இஸ் யுவர் நோட்புக்?” என்று கேட்பேன். தலையைக் குனிந்து, பையின் மேல் கை வைத்தபடி, “இல்லி மிஸ்” என்பாள்.

“இல்லையா? வெளிய போய் நில்லு!”

போய் நிற்பாள். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “உன்னக் கேட்டனா?” என்று அவளையும் அடக்கினேன். என் கோபம் அந்தப் பள்ளியில் பிரசித்தம்.

ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. அம்மாவோடு தக்காளி பறிக்கப் போகிறாள், இனி பள்ளிக்கே வரமாட்டாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு தலைவலி விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வியாழக்கிழமைதான் பயிற்சி. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது எப்படி என்பது தலைப்பு. எங்கள் பயிற்சிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காலையில் கையெழுத்து, பதினொரு மணிக்கு டீயும் வடையும், மதியம் வயிறு நிறையச் சாப்பாடு. அதற்குப் பிறகு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கும் வித்தை.

அன்றைக்கும் அப்படித்தான். மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த புங்கமரத்தின் நிழல் ஜன்னல் வழியாக என் மேசைக்கு வருவதும் போவதுமாக இருந்தது. பயிற்சி நடத்த வந்த கருத்தாளர் எல்லையோரத்து ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும் அவருக்கு. திடீரென்று தமிழையும் விட்டு, ஆங்கிலத்தையும் விட்டு, கன்னடத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரியாததே சுகமாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் போல அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்க, நான் எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

பக்கத்து டீச்சர் என் முழங்கையை இடித்தார். பார்த்தால் கருத்தாளர் என் முன்னால் நிற்கிறார்.

“நிம்ம புஸ்தகா எல்லி?”

எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் என் கையில் இருந்த புத்தகத்தைக் காட்டி, “இல்லி, இல்லி” என்று பதிலை எடுத்துக்கொடுத்தார்.

“இல்லைங்களா? கையிலதானங்க வெச்சிருக்கறேன்!” என்றேன் கொஞ்சம் சூடாக.

அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, “எல்லின்னா ‘எங்க’, இல்லின்னா ‘இங்க’ன்னு அர்த்தங்க டீச்சர். இல்லான்னு சொன்னாத்தான் இல்ல” என்றார்.

நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. தூக்கம் முழுதாகக் கலையாத என் காதில் இன்னொரு குரல் கேட்டது. பையின் மேல் இருந்த சின்னக் கை தெரிந்தது. இங்கே மிஸ், இங்கே மிஸ் என்று அந்தக் குழந்தை தினமும் சொல்லியிருக்கிறாள். நான் தினமும் அவளை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் அந்த அறையில் என்ன பேசினார்கள் என்றே எனக்குத் தெரியாது.

பயிற்சி முடிந்ததும் பஸ் ஏறினேன். தோட்டம் தோட்டமாக விசாரித்துப் போய்ச் சேர்ந்ததெல்லாம் இன்றைக்கு நினைத்தாலும் கனவு மாதிரிதான் இருக்கிறது. சாயங்கால வெயில் செடிகளின் மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. அவள் அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

“பேடாங்க மிஸ். நோட்டு இருந்தும் வெளிய நிக்க வெக்கறாங்கன்னு வூட்டுக்கு வந்து அழுவுது. எங்கூடவே இருக்கட்டும்.”

பேடா என்றால் வேண்டாம். அதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செடி வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னடத்தில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு கேள்வி.

“நோட்டு எல்லி?”

அவள் கை மெல்ல உயர்ந்தது. தக்காளிச் செடிக்கு ஊன்றியிருந்த குச்சியில் அவளுடைய பள்ளிக்கூடப் பை தொங்கியது. நாலு நாளாகத் தோட்டத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“இல்லி மிஸ்.”

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் மிரண்டுபோனாள். அவள் அம்மாதான் செடியின் பச்சைக் கறை படிந்த கையால் என் தோளைத் தொட்டு, “எந்திரிங்க மிஸ், நாளைக்கு அனுப்பறேன்” என்றார்.

சொன்னபடியே அனுப்பினார். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டதும் அவள் “இல்லி” என்றாள். அன்றைக்குப் பாடத்தை மூடிவைத்துவிட்டு, இல்லி, இங்கே, ஹியர் என்று வகுப்பே மூன்று மொழியிலும் கத்தினோம். சத்தம் தாங்காமல் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குழந்தை சொல்வது ‘இல்லை’ என்று என் காதில் விழும்போதெல்லாம், வாயைத் திறப்பதற்கு முன் அதன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.