சீட்டு எழுதாத காசு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி என்னிடம் வந்து நின்றபோது, "எனக்கு எங்க எழுத வரும் அண்ணி" என்று நழுவப் பார்த்தேன். அண்ணி விடவில்லை. "அவரு காசுக்கெல்லாம் சீட்டு எழுதினவ நீதானே? அவருக்கு மட்டும் எழுத மாட்டியா?" என்றார். பேனாவை எடுத்துவிட்டேன். உறவினர்களும் நண்பர்களும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் பெருமையை மட்டும் நாலு வரி எழுதி முடித்துக்கொள்ள என்னால் முடியாது. ஒரு தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது என்னுடைய தப்பு.

ஆரணியில் பட்டு நெசவு செய்யும் வீட்டில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தார். சில வருடம் கழித்து, நெய்த புடவைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு சென்னைக் கடைகளுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரும் வேலையும் அவரிடம் வந்தது. அப்படிப் போன ஒரு நாள், கடைவீதி நடைபாதையில் ஒருவர் கோணிப்பை விரித்து வெளிநாட்டுப் பழங்காசுகளைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தில் இரண்டு காசு வாங்கிக்கொண்டு, பட்டினியாக வீடு வந்து சேர்ந்தார். ஒன்று இங்கிலாந்து நாட்டு வெண்கலப் பென்னி. இன்னொன்று டிராகன் படம் போட்ட ஜப்பான் வெள்ளி.

அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு குட்த்து பொருளு வாங்கறவன பாத்துருக்கறேன். காசு குட்த்து காசு வாங்கறவன இப்பத்தான்டா பாக்கறேன்" என்றார். அப்பாவின் இந்தப் பேச்சு எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அண்ணனைக் கண்டவர்கள் எல்லாம் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணனும் கூடவே சிரிப்பார்.

அப்பா காலமானபோது அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. அம்மாவின் மருந்து, என் படிப்பு, என் கல்யாணம் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. முணுமுணுக்காமல் செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே ஒன்றையும் விடாமல் செய்தார். பக்கத்துத் தெருவிலேயே எனக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட, சீட்டு எழுத ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் என்று நான் அவரைக் கிண்டல் செய்வதுண்டு.

சீட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாளாக நாளாக அண்ணன் பழங்காசு வாங்கி விற்கவும் தொடங்கியிருந்தார்; விற்கும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்னக் காகிதக் கவர். அதன் மேல் நாடு, உலோகம், நிலை, விலை என்று நாலு வரி சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அண்ணனின் கையெழுத்தை அண்ணனாலேயே படிக்க முடியாது. அதனால் மாலையில் நான் போய் எழுதிக் கொடுப்பேன். மெக்சிகோ வெள்ளி, சீனத்துச் சதுர ஓட்டைக் காசு, டச்சுக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த செப்புக் காசு எல்லாம் என் கைப்பட்டுத்தான் ஊர் ஊராகத் தபாலில் போயின. செல்போன் வந்த பிறகு படம் எடுத்து அனுப்பி விற்றார். இங்கே கிடைத்த பழங்காசை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும், சட்டத்துக்கு விரோதம் என்று ஒருபோதும் அனுப்பியதில்லை.

ஜரிகையைக் கையில் வாங்கியதும் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்கிற விரல் அவருக்கு. அந்த விரலையே ஒரு தடவை ஏமாற்றிவிட்டார்கள். பெங்களூரில் ஒருவரிடம் ஒரு பை நிறைய வாங்கிய வெள்ளிக் காசுகள் அத்தனையும் போலி. வாங்குகிற அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. விற்றுத் தள்ளியிருந்தால் வாங்கியவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. அண்ணன் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டார். இனி யாரும் அதைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது. எங்கள் வீட்டுத் தறியில் ஓர நூல் தளராமலிருக்கக் கனமாக அந்தப் போலிகள் இன்றும் தொங்குகின்றன.

காசைக் கழுவுவது மட்டும் அவருக்குப் பிடிக்காது. ஒரு போகியன்று அண்ணி விளக்குகளைத் துலக்கிவிட்டு, "உங்க காசெல்லாம் கரியாட்டம் கெடக்குது, ரெண்டு சொட்டு புளித்தண்ணி போதும்" என்று கிண்ணத்தோடு வந்தார். அண்ணன் காசுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நின்றுவிட்டார். "அந்தக் கறைதாம்மா அதோட வயசு. அத்தக் கழுவிட்டா இன்னா மிஞ்சும்?" என்றார். கிண்ணம் உள்ளே போன பிறகுதான் அவரும் உள்ளே வந்தார்.

இனி என் தப்பு.

அண்ணனிடம் ஆஸ்திரிய நாட்டு ராணி ஒருத்தியின் பெரிய வெள்ளிக் காசுகள் இருந்தன. கணவனை இழந்தவள், தலையில் முக்காடு போட்டிருப்பாள். அதனால் வீட்டில் நாங்கள் முக்காட்டு ராணி என்போம். அந்தக் காசில் ஒரு விசேஷம் உண்டு. ராணி இறந்த பிறகும் அதே முகம், அதே வருடம் போட்டே அந்தக் காசை நூறு வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உயிரோடு இருந்தபோது அடித்தது கிடைப்பது அபூர்வம். மார்பு நகையின் முத்துகளையும் பின்பக்கத்துக் கழுகின் இறகுகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

அப்படி ஒன்று வேண்டும் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் வெம்பாக்கம் வாத்தியார். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், வெம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் நெடுங்காலமாக வாழ்கிற சமணக் குடும்பம். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை குறைந்துகொண்டே வந்தது. "கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒண்ண பாத்துடணும் தம்பி" என்று வரும்போதெல்லாம் சொல்வார். பார்க்க வைக்கிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

எப்படியோ தேடி ஒன்றைப் பிடித்தும்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டில் மற்ற ஏழு முக்காட்டு ராணிகளோடு வைத்தார். எனக்கு அப்போது காய்ச்சல். சீட்டு எழுதப் போகவில்லை, புதிதாக ஒன்று வந்திருப்பதும் தெரியாது. அந்த வாரமே அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆபரேஷன் அன்று காலை நான் அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அங்கிருந்து போன் செய்தார். "உள்ள கூட்டிகினு போய்ட்டாங்க. எதுனா காசு முடிஞ்சி வெய்யி" என்று அழுதார். மஞ்சளில் துணி நனைத்தேன். என் பர்ஸில் இருந்தது எவர்சில்வர் ஒரு ரூபாய். அண்ணன் உயிருக்கு இதையா முடிவது என்று மனசு கேட்கவில்லை. தட்டைத் திறந்தேன். ஒரே மாதிரி எட்டு ராணிகள், எட்டிலும் ஒரே வருடம். ஏழுக்குச் சீட்டு இருந்தது, ஒன்றுக்கு இல்லை. சீட்டு இல்லாததுதான் இன்னும் கணக்கில் சேராதது, போனால் போகட்டும் என்று அதை எடுத்து, பிழைத்து வந்தால் தேவிகாபுரம் அம்மனுக்குச் செலுத்துகிறோம் என்று வேண்டி முடிந்தேன்.

அண்ணன் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து எல்லோரும் தேவிகாபுரத்துக்கு பஸ்ஸில் போனோம். முடிச்சை அவிழ்க்காமல் அண்ணனே தன் கையால் உண்டியலில் போட்டார். உள்ளே இருப்பது என்னவென்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

மறுவாரம் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுத் தட்டைத் திறந்தார். லென்ஸை வைத்துக்கொண்டு ஏழையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "பாப்பா, இதுல ஒண்ணு எங்க?" என்றார். சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் செய்த நெஞ்சாயிற்றே என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தில்தான் அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்தது. "அதே மூஞ்சி, அதே வருஷம். அவருக்கும் கண்ணு சரியா தெரியல. ஒண்ண எட்த்து குட்த்துடுண்ணா."

அண்ணன் என்னை அதட்டியது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். "அவரு கண்ணுதான் போய்கினு இருக்குது. என் கண்ணு போவல" என்றார். நான் அழுதேன். சற்று நேரம் கழித்து அவரே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வாத்தியார் வந்ததும் அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. என் பெயரை மட்டும் விட்டுவிட்டு, "வீட்டுல முடிஞ்சி போட்டுட்டோம் சார்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாத்தியார் கை நீட்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எங்க வழி வேற தம்பி, வேண்டுதல பத்தி எனக்கு சொல்லத் தெரியாது. ஆனா எத்தினியோ வருஷமா பொட்டியில கெடந்த காசு உங்களுக்காக செலவாயிருக்குது. செலவாவறதுக்குத்தானே காசு" என்றார். கோயிலில் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாமே என்று பெரியவன், அண்ணனின் மகன், சொன்னான். அண்ணன் ஒப்பவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை என்றுவிட்டார்.

அதன் பிறகு ஆறு வருடம் அந்த ஒரு காசைத் தேடினார். டாக்டர் அலையக் கூடாது என்றார், அலைந்தார். ஐதராபாத், மும்பை என்று கண்காட்சி எங்கே நடந்தாலும் மாத்திரை டப்பாவோடு கிளம்பிவிடுவார். அண்ணி திட்டித் தீர்த்தார். நான் எந்த முகத்தோடு தடுப்பது.

சென்ற வருடம் மறுபடி மூச்சுத்திணறல் வந்தது. வேலூருக்கு கார் வந்து வாசலில் நின்றது. நான் மஞ்சள் துணியோடு அவர் கட்டிலருகே போனேன். அந்த நிலையிலும் சிரித்தார். "இந்த தபா கேட்டுட்டு முடியறியா? நல்லது. பீரோல ஒரு கவர்ல முக்காட்டு ராணி கீது. போன மாசந்தான் கெட்சிது. அத்தத் தொடாத, அது வாத்தியாருக்கு. நீ ஒரு ரூவா முடிஞ்சிக்கோ. போன தபா குட்த்ததையே சாமி இன்னும் செலவு பண்ணியிருக்காது" என்றார். அவர் சொன்னபடியே ஒரு ரூபாய் முடிந்தேன்.

நாலாம் நாள் அண்ணனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

மறைக்க மாட்டேன். எனக்குச் சாமி மேல் கோபம் வந்தது. ஒன்றுமறியாத வாத்தியார் மேலும் கோபம் வந்தது. வெள்ளியை முடிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று பதினாறு நாளும் புழுங்கினேன். பீரோவில் இருந்த கவரைத் திறந்து பார்த்தேன். அதில் நாலு வரி இல்லை. "வாத்தியார்" என்ற ஒரே ஒரு வார்த்தை, அண்ணனின் கோழிக் கிறுக்கலில். இந்தத் தடவை எனக்காகக் காத்திராமல் அவரே சீட்டு எழுதிவிட்டிருந்தார்.

காரியத்தன்று வாத்தியார் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். காசை அவர் உள்ளங்கையில் வைத்து, அன்றைக்கு எடுத்து முடிந்தது நான்தான் என்றும் சொன்னேன். "தெரியும்மா. கதவுக்குப் பின்னால அழுதது காதுல வுழுந்துது" என்றார். கட்டை விரலால் ராணியின் முக்காட்டையும் முத்துகளையும் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல. தம்பி பாத்துட்டாருல்ல, அது போதும்" என்றார். அண்ணி எவ்வளவோ மறுத்தும் முழு விலையையும் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். அன்றோடு என் கோபம் போய்விட்டது. துக்கம் போகவில்லை.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ராத்திரி பகல் பாராமல் கார் ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்துப் பெரியவனை அப்பாவின் பக்கத்தில் இருக்க வைத்த அவன் நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த எங்கள் தெரு மக்களுக்கும், அண்ணனிடம் காசு வாங்கியதோடு நில்லாமல் ஊர் ஊரிலிருந்து வந்து நின்ற நண்பர்களுக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறோம்.

அந்த ஒரு ரூபாய் முடிச்சு ஒரு வருடமாகப் பூஜை அலமாரியிலேயே கிடந்தது. வேண்டுதல் பலிக்காததால் செலுத்தவும் வழியில்லை, எடுத்துச் செலவழிக்கவும் மனம் வரவில்லை. இன்று காலை அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவிழ்த்தேன். காசு பழுப்பு மஞ்சளாகிக் கிடந்தது. அண்ணி முந்தானையால் துடைக்கப் போனவர், தானாகவே கையை எடுத்துக்கொண்டார். தட்டில் முக்காட்டு ராணி இருந்த காலிக் குழியில் அதை வைத்தோம். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுகிற மாதிரியே நினைத்துக்கொண்டு சீட்டு எழுதினேன்.

நாடு: இந்தியா. உலோகம்: எவர்சில்வர். நிலை: மஞ்சள் கறை உண்டு, கழுவக் கூடாது. விலை: விற்பனைக்கு இல்லை.