அடுத்த வீடு வழியாக மெல்பர்ன்

அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று என் மூன்று வயது மகள் கேட்டால் என்ன சொல்வது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து மெல்பர்ன் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் என்கிறது கைபேசி. நேரடி விமானத்தில் பதினொரு மணித்தியாலம் அளவில் ஆகும். கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போகும் நேரம் அதில் சேராது. அடுத்த வீட்டில் காத்திருக்கும் நேரமும் சேராது.

என் கணவர் மெல்பர்னுக்கு வேலைக்குப் புறப்பட்ட நாளில் விமானம் இரவில். பஞ்சாங்கத்தில் நல்ல நேரமோ காலையில். "நல்ல நேரத்துல படி எறங்கினாப் போதும். அதுக்கப்புறம் எங்க உட்கார்ந்தா என்ன?" என்றார் அத்தை, அவருடைய அம்மா. படியிறங்கியவர் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் பெட்டியோடு அடுத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் போய் உட்கார்ந்தார். மறந்துவிட்ட சார்ஜரை நான் மதிலுக்கு மேலால் நீட்டினேன். பகல் சாப்பாடும் அங்கேதான். மகள் அவர் மடியிலேயே விளையாடினாள். தூக்கம் வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். மாலையில் வேன் வந்தபோது, "எழுப்பாத, அழுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுப்பியிருக்க வேண்டுமோ என்னவோ.

எழுந்ததும் அவள் நேராக அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அதன் பிறகு தினமும் ஓடுகிறாள். அந்த வீட்டுக்காரியை அவள் சாச்சி என்று கூப்பிடுவாள். சாச்சி மதிலருகே வந்து சிரிப்பார். "தங்கச்சி, இவ இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழ பாத்துட்டா. ஒங்கட மாப்பிள்ளய நான் ஒளிச்சி வெச்சிருக்கிற மாதிரி!" அவர்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் கணவர்.

உலகப்படத்தைக் காட்டி விளக்கிப் பார்த்தேன். இலங்கையில் ஒரு விரலையும் மெல்பர்னில் ஒரு விரலையும் வைத்தாள். ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. "கிட்டத்தான்" என்றாள். வீடியோ அழைப்பில் இங்கே வெயில் இருக்கும்போதே அவருக்குப் பின்னால் இருட்டாக இருக்கும். "சாச்சி வீட்ல கரண்ட் இல்லையா அம்மா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இப்போது எங்களுக்கும் விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். விமானம் இந்த முறையும் இரவில், நல்ல நேரம் இந்த முறையும் காலையில். அத்தை சாச்சியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

புதுச் சட்டையோடு, பெட்டியோடு, அப்பாவிடம் போகிறோம் என்று சொல்லி அவளை அந்த வீட்டுக்குள் கூட்டிப்போனால், வந்து சேர்ந்துவிட்டோம் என்றுதான் நினைப்பாள். பகல் முழுக்கத் தேடுவாள். அங்கேயும் அப்பா இல்லை என்று தெரிந்த பிறகு, வேனிலும் விமானத்திலும் நான் சொல்வதை நம்புவாளா?

நல்ல நேரத்தை விட்டுவிடலாம் என்று அத்தையிடம் பேசுவதா? வழியில் ஏதும் நடந்தால் என்னைத்தான் சொல்வார்கள். அல்லது மகளிடம் இப்போதே உண்மையைச் சொல்வதா? எந்த வார்த்தையில்? சின்னப் பிள்ளையோடு தூரப் பயணம் போனவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.